தங்கூசியா, பின்னல் நூலா?



தூண்டில் நூலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன தகுதி உண்டு என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். வினவுதல் நியாயமே. நான் கலைப் பட்டதாரி. நெய்தல் திணையை ஏட்டிலே கற்பித்தவனேயன்றி, நெய்தல் நிலத்துத் தொழிலைச் செய்தவனல்லன். ஆயினும் ஒருநாட் காலையில் என் பழைய மாணவர் ஒருவர், வலக்கை விரல்கள் இரண்டிற் கட்டுப்போட்டவராக, என் அலுவலகத்துக்கு வந்து நின்றார். அவர் திருகோணமலைக் கடலிலே சிறு படகில் தொழில் செய்பவர். இடக்கையில் ஒரு நூற்சுருள் இருந்தது. அதனை மேசைமீது வைத்து, “சேர், இதிலே என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

சுருளின்மேல் ஆங்கிலமும் யப்பானிய எழுத்தும் இருந்தன, தமிழுமில்லை, சிங்களமுமில்லை. ஆங்கிலத்தை வாசித்தேன். வாசித்தபின் அதன் பொருள் எனக்கே விளங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இத்தனை இறாத்தல் தாங்கும், இத்தனை மில்லிமீற்றர் தடிப்பு, எட்டுப் புரி கொண்ட பின்னல் என்றெல்லாம் எழுதியிருந்தது. “இதைவிட நல்ல நூல் உலகத்தில் இல்லை” என்று கடைக்காரர் சொன்னாராம். தங்கூசியின் விலையைப் போற் பன்மடங்கு கொடுத்து, அதுவும் கடனாக, வாங்கியிருக்கிறார். முதல்நாளே ஒரு பெரிய அறுக்குளா கொத்தியது. நூல் கையினூடே ஓடியது. இரு விரல்கள் எலும்பு தெரிய அறுந்தன; மீனும் போயிற்று. அதன்பின் ஒரு கிழமையாகக் கடலுக்குப் போகவில்லை. சூதில் வென்ற பொருளைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கிய இந்த நூலும் அவ்வகையினதே போலும் என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் அந்த எண்ணம் முற்றிலும் சரியன்று என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் தொழிலை விளக்கிவிடுகிறேன். படகை ஓடவிட்டு, அதன் பின்னால் இரை கோத்த தூண்டிலையோ, மீன்குஞ்சைப்போற் செய்த போலி இரையையோ இழுத்துச் செல்வது ஒரு முறை. ஓடும் இரையைக் கண்டு துரத்துகின்ற அறுக்குளா, சூரை, சீலா, பாரை முதலியன இம்முறையிற் பிடிபடுகின்றன. இதனை இப்பேச்சில் ஓட்டத்தூண்டில் என்று குறிப்பேன். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரும், கடலடியைச் சுரண்டிச் செல்லும் இழுவைமடிக்கு வழங்கும் பெயரும் ஒலியில் மிக நெருங்கியவை. தமிழெழுத்திலே பெயர்த்தெழுதினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். இக்குழப்பத்தால் ஓட்டத்தூண்டிற்காரர் மீதும் சிலர் குறை கூறக் கேட்டிருக்கிறேன். இழுவைமடியை நமது பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டிற் சட்டத்தினாற் தடைசெய்தது. ஓட்டத்தூண்டிலோ ஒரு முள்ளால் ஒரு மீனைப் பிடிப்பது; கடலடியைத் தொடுவதேயில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் தவறு.

பாக்குநீரிணை ஆழங் குறைந்தது. திருகோணமலையோ அவ்வாறன்று, ஆழ்கடற் பள்ளத்தாக்கொன்று அக்குடாவினுள்ளேயே தொடங்குகிறது. ஆதலால் வெகுதொலைவு செல்லாமலே பெருமீன்கள் உலவும் நீரை அடையலாம். வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியுறும் மாதங்களில் ஓட்டத்தூண்டிலுக்கு அது மிக வாய்ப்பான இடம். ஆனால் இந்தத் தொழிலில் இயந்திரம் ஓயாது ஓடவேண்டும். இயந்திரம் ஓடினால் மண்ணெண்ணெய் எரியும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதை எந்தக் கடற்றொழிலாளரும் மறந்திருக்கமாட்டார். பின்னர் விலை இறங்கியதேனும் பழைய நிலைக்கு மீளவில்லை. கொத்திய மீனொன்று நூலின் குற்றத்தால் தப்பினால், தப்புவது மீன் மட்டுமன்று. அதனைத் தேடி எரித்த எண்ணெயும் சேர்ந்து போகிறது.

நம்முடைய பாட்டனார் காலத்தில் இந்த வினா எழவில்லை. பருத்தி நூலையோ சணல் நூலையோ முறுக்கி, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தினார்கள். உலர்த்தத் தவறினால் நூல் உளுத்துப்போகும். நைலோன் வந்தபின்னரே அக்கவலை தீர்ந்தது.

நைலோனின் வரலாறு சுவையானது. ஐக்கிய அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்து ஆய்வுகூடத்தில் வலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1935ஆம் ஆண்டில் அதனை ஆக்கினர். 1938இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதனைக் காணக் கரோதர்ஸ் உயிருடன் இருக்கவில்லை. முந்திய ஆண்டிலேயே இறந்துபோனார். நைலோன் என்றதும் நமக்கு ஆடை நினைவுக்கு வரும். ஆனால் முதன்முதல் விற்பனைக்கு வந்தது ஆடையன்று, பற்றூரிகையின் மயிர். பற்றூரிகையின் மயிர் ஒவ்வொன்றும் முறுக்கும் பின்னலுமில்லாத ஒற்றை இழை. அவ்வொற்றை இழையை நீளமாக இழுத்தால் அதுவே தூண்டில் நூல். நம் கரையோரத்தார் இதனைத் தங்கூசி என்கின்றனர். தங்கூசியாற் பின்னிய வலையை நமது நாட்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. தூண்டிலிற் கட்டும் தங்கூசி நூலுக்கு அத்தடை இல்லை. இதனையும் சிலர் குழப்பிக்கொள்வதாற் சொல்லிவைக்கிறேன்.

மற்றது பின்னல் நூல். பெண்பிள்ளைகளின் சடையைப் பின்னுவதுபோல, நான்கு அல்லது எட்டு மென்புரிகளை ஒன்றோடொன்று பின்னி ஆக்கப்படுவது. இன்று கடைகளில் விற்கும் பின்னல் நூலின் மூலப்பொருள் பொலித்தீன் வகையினது. நாம் சாமான் கட்டிக்கொண்டுவரும் பையும் பொலித்தீன்தான். ஆனால் இதன் மூலக்கூறுகள் மிக மிக நீண்டவை. 1979ஆம் ஆண்டளவில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் இதனைக் கூழாக்கி நூற்கும் வழியைக் கண்டனர். கூழிலிருந்து இழுக்கும்போது நீண்ட மூலக்கூறுகள் யாவும் ஒரே திசையில் நேராகப் படிந்துவிடுகின்றன. ஆதலால் அந்த இழை, அதே நிறையுள்ள உருக்குக் கம்பியிலும் பன்மடங்கு வலியது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மேலங்கிகளும் இவ்விழையாற் செய்யப்படுகின்றன. மீன்பிடிப்பவர் கைக்கு இது 1990களிலேயே வந்து சேர்ந்தது.

எங்கள் பாடசாலையின் இரசாயன ஆசிரியரும் நானும் அந்தச் சுருளையும் ஒரு தங்கூசிச் சுருளையும் வைத்துக்கொண்டு இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டோம். மீன் நிறுக்கும் தொங்குதராசொன்றை மாணவரே கொண்டுவந்தார். தங்கூசித் துண்டொன்றை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து மறுநாள் இழுத்தபோது, உலர்ந்த துண்டிலும் குறைந்த சுமையிலேயே அறுந்தது. நைலோன் நீரை உறிஞ்சும் இயல்புடையது, உறிஞ்சியபின் வலுக்குறையும். பொலித்தீன் நீரை உறிஞ்சாது. நனைந்தாலும் அதன் வலு குறையவில்லை. ஆனால் வேறொரு வேடிக்கையைக் கண்டோம். தங்கூசிக்கு இடும் முடிச்சையே பின்னல் நூலுக்கும் இட்டு இழுத்தோம். நூல் அறவில்லை, முடிச்சு மெல்ல வழுக்கி, அவிழ்ந்து, எங்கள் கண்முன்னே கழன்றுபோயிற்று. பின்னல் நூல் அத்துணை வழுவழுப்பு. அதற்குச் சுற்றுகளை மிகுதியாக்கி, நீரில் நனைத்து, மெதுவாக இறுக்கவேண்டும். அன்று தப்பிய மீனைப் பற்றி மாணவரிடம் கேட்டேன். “நூல் அறவில்லை சேர், முள்ளோடே கழண்டு வந்தது” என்றார். முடிச்சினாற் போன மீன் அது.

இனி, வேற்றுமைகளுள் முதன்மையானதைச் சொல்கிறேன். 50 இறாத்தல் தாங்கும் தங்கூசியின் தடிப்பு ஏறத்தாழ 0.70 மில்லிமீற்றர். அதே 50 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல் 0.36 மில்லிமீற்றர் அளவினதே, பாதிதான். இந்தப் பாதியினால் விளையும் நன்மையும் பெரிது, தீமையும் பெரிது.

நன்மை இது. ஓடும் படகின் பின்னால் நாற்பது பாகம் நூல் நீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. நூல் தடித்தால் நீர் அதனைப் பின்னோக்கித் தள்ளும். தள்ள, இரை மேலெழுந்துவிடும். படகின் வேகம் இரட்டித்தால் இத்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மெல்லிய நூலோ நீரை எளிதாக அறுத்துச் செல்வதால், நீரில் அமிழுமாறு செய்த போலி இரை அதிக ஆழத்திற்கு இறங்கும். அறுக்குளா எப்போதும் மேற்பரப்பில் வருவதில்லை. வெயில் ஏறியபின் ஆழத்துக்குப் போய்விடும் என்று தொழிலாளர் சொல்வர். அந்நேரத்தில் மெல்லிய நூலுக்கு ஒரு பயன் உண்டு. மேலும், தூண்டிற்கோலிற் பூட்டிய உருளையொன்றில் தங்கூசி நூறு பாகம் கொள்ளுமானால், அதே வலுவுள்ள பின்னல் நூல் அதனினும் பல மடங்கு கொள்ளும். பெருமீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது உருளையில் மிச்சமிருக்கும் நூலே மீன்பிடிப்பவனின் கைமுதல்.

தீமையை என் மாணவரின் விரல்களிற் கண்டோம். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தங்கூசியைக் கையாற் பற்றலாம். மூன்றிலொரு பங்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள நூலைப் பாரமேறிய நிலையிற் பற்றினால் அது நூலன்று, கத்தி. நம் நாட்டுச் சிறு படகுகளில் ஓட்டத்தூண்டில் பெரும்பாலும் கைத்தூண்டிலே, கோலுமில்லை, உருளையுமில்லை. மீன் கொத்தினால் வெறுங் கையால், அல்லது ஒரு துணித்துண்டைச் சுற்றிக்கொண்டு, பிடித்திழுப்பார்கள். இழுத்த நூல் காலடியிலே குவியும். தங்கூசி விறைப்பானதாகையால் வளையம் வளையமாக விழுந்து கிடக்கும். மீண்டும் எளிதாக நீரில் இறங்கும். பின்னல் நூலோ பஞ்சுபோல் துவண்டு, காற்றுக்குப் பறந்து, சிக்குப்பட்டுவிடும். சிக்கெடுக்கும் வேளையில் மீன்கூட்டம் கடந்துபோகும்.

மற்றோர் இயல்பு நீட்சி. தங்கூசி அறுவதற்குமுன் தன் நீளத்தில் ஐந்திலொரு பங்கும் அதற்கு மேலும் நீளும். பின்னல் நூல் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்குமேல் நீளாது. நாற்பது பாகம் என்பது எழுபது மீற்றருக்குச் சற்றே மேற்பட்டது. அந்நீளத்துத் தங்கூசி முழுச்சுமையில் பதினான்கு மீற்றர் வரை இரப்பர்போல இழுபடும். பின்னல் நூல் மூன்று மீற்றருக்கும் உட்பட்டே நீளும். படகு மணிக்கு ஆறு ஏழு கடல் மைல் வேகத்தில் ஒரு திசையில் ஓட, மீன் இரையைக் கௌவிக்கொண்டு எதிர்த்திசையில் திரும்புகிறது. அந்த ஒரு கணத்தின் அதிர்ச்சி எங்கே போவது? தங்கூசியானால் நூலே அதனை வாங்கிக்கொள்கிறது. பின்னல் நூலானால் அதிர்ச்சி முழுவதும் மீனின் வாயிலும் முடிச்சிலும் விழுகிறது. சூரையின் வாய் மென்மையானது. கிழிந்து முள் கழன்றுவிடும்.

நீளாமையும் முற்றும் குற்றமன்று. நூல் வெகுதூரம் போயிருக்கும்போது நீளும் நூல் முள்ளை நன்றாகக் குத்தவிடாது. சீலாவின் எலும்பேறிய வாயில் முள் பதியவேண்டுமாயின் சற்று விறைப்பு வேண்டும். இரையிற் பாசி சிக்கியதையும் பின்னல் நூல் உடனே கோல்நுனியில் உணர்த்தும், தங்கூசி உணர்த்தாது. பாசி சிக்கிய இரையை ஒரு மணிநேரம் இழுத்துத் திரிந்தவரின் மண்ணெண்ணெய்க் கணக்கை யாரிடம் கேட்பது?

உராய்வைப் பற்றியும் சொல்லவேண்டும். பாரை கொத்தியவுடன் பாறையை நோக்கி ஓடும். முருகைக்கல்லில் உரசினால் தங்கூசியின் மேற்பரப்பிற் கீறல் விழும். ஆயினும் சிறிது நேரம் தாங்கும். பின்னல் நூலில் நுண்ணிழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு நொடியில் முழுவதும் போய்விடும். வெயிலைப் பொறுத்தமட்டில் நிலைமை மாறானது. தங்கூசி மாதக்கணக்கில் வெயிலிற் கிடந்தால் முறியத் தொடங்கும், பருவத்துக்கொருமுறை மாற்றவேண்டும். பின்னல் நூல் பல பருவம் உழைக்கும். விலையை ஒப்பிடுபவர் இதனையுங் கணக்கிற் கொள்ளவேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின் என் மாணவர் கேட்ட கேள்வி நேரானது: “அப்ப, நான் எதை வாங்கிறது?”

கைத்தூண்டிலுக்குத் தங்கூசியே என்பது என் முடிபு. இதில் எனக்கு ஐயமில்லை. பின்னல் நூல் எத்துணை வலியதாயினும், வெறுங் கையாற் பிடித்திழுக்கும் தொழிலுக்கு அது ஆக்கப்பட்டதன்று. கையுறை அணிந்தாலாவது ஆகாதா என்றார். தோற்கையுறை ஓரளவு காக்கும். ஆனால் நூல் விரலைச் சுற்றிக்கொண்டால் கையுறை என் செய்யும்? படகு முன்னே ஓட, மீன் பின்னே இழுக்க, நடுவில் ஒரு விரல். கடன்பட்டு வாங்கிய நூலை எறிய மனமில்லாமல் அதனையே தொடர்ந்து பயன்படுத்தும் எண்ணம் அவருக்கு இருந்ததை அறிந்து நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். வகுப்பறைக் குரல் வெளிப்பட்டுவிட்டது.

கோலும் உருளையும் உடையவர்க்கு விடை வேறு. வெளிநாட்டுப் பயணிகளைப் பொழுதுபோக்காக மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் படகுகள் இப்போது கிழக்கிலும் உண்டு. அவற்றில் உருளையின் அடியிற் பின்னல் நூலைச் சுற்றி, அதன் நுனியில் முப்பது நாற்பது பாகம் தங்கூசியை இணைத்துவிடுவது வெளிநாடுகளிற் பலகாலமாகப் பயின்று வரும் வழக்கம். அடியிலுள்ள பின்னல் நூல் பெருமீனின் ஓட்டத்துக்கு வேண்டிய நீளத்தைத் தருகிறது. மேலுள்ள தங்கூசி கொத்தும் கணத்தின் அதிர்ச்சியை வாங்குகிறது. படகருகே மீன் வந்ததும் கையாற் பற்றவும் அதுவே உதவுகிறது. இரண்டையும் பகையாக எண்ணி ஒன்றைத் தெரிவது கடைக்காரரின் வழி. ஆனால் ஒரு சிறு செய்தி: பின்னல் நூலை நேரே உருளையின் அச்சிற் சுற்றினால் முழுச்சுருளும் ஒருங்கே வழுக்கிச் சுழலும். அடியிற் சில சுற்றுத் தங்கூசியைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பின்னல் நூலை இறுக்கமாகச் சுற்றவேண்டும். இறுக்கம் போதாவிடின் பாரமேறும்போது மேற்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து பூட்டிக்கொள்ளும். எவ்வகை நூலாயினும் அறுக்குளாவுக்கும் சீலாவுக்கும் முள்ளையடுத்து ஒரு சாண் கம்பி கட்டவேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அவற்றின் பற்களை அறிந்தவர்கள் நீங்கள்.

மாணவர் என்னிடமிருந்து கேட்டதைப் போலவே அவரிடமிருந்து நானும் ஒன்றைக் கேட்டறிந்தேன். தம் படகிலுள்ள கைநூலின் நடுவே, பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய இரப்பர்ப் பட்டையொன்றைச் சேர்த்துப் படகின் விளிம்பிற் கட்டிவைப்பாராம். மீன் கொத்தினால் முதலில் இரப்பர் இழுபடும். மீன் கொத்தியதைக் கண்ணாலும் காணலாம், அதிர்ச்சியும் குறையும். நீட்சி என்னும் தத்துவத்தை நானும் இரசாயன ஆசிரியரும் இரண்டு மாலை இருந்து கற்றோம். அவருடைய தந்தையார் அதனை ஒரு பழைய ரியூப்பில் வெட்டிவைத்திருந்தார்.

இன்னொன்று. கழித்த நூலைக் கடலில் எறியவேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். தங்கூசியானாலும் பின்னல் நூலானாலும் மக்கிப்போக மிகநெடுங்காலம் செல்லும். ஆமையின் துடுப்பிற் சுற்றினால் அது இறுகிக்கொண்டே போகும். அதுமட்டுமன்று, எறிந்த நூல் எறிந்தவருடைய இயந்திரத்தின் சுழல்விசிறியிலேயே மறுநாட் சுற்றிக்கொள்வதும் உண்டு. இந்தப் பிந்திய காரணமே அவருடைய மனத்திற் பதிந்ததாகத் தெரிகிறது. படகில் ஒரு வெறும் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, துண்டு நூல்களை அதற்குள் இடுகிறார்.

விரல்கள் ஆறிவிட்டன, ஒன்று முழுவதும் மடங்கவில்லை. பின்னல் நூலிற் பெரும்பகுதியைப் பயணிகளை ஏற்றும் படகுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டதாற் கடனிற் பாதி தீர்ந்தது. எஞ்சிய சில பாகத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனார். தவணைப் பரீட்சை விடைத்தாள்களை அதனாற் கட்டிவைத்தேன். அறுத்தெடுக்கும்போதுதான் எங்கள் அலுவலகக் கத்தரிக்கோல் அதற்குப் போதாதென்று தெரியவந்தது.